சமூகவியல் வகுப்பும் தெருவும்

(ஒரு கல்லூரியின் சமூகவியல் மாணவர் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேசவேண்டியதாக உங்கள் சங்கத்தார் குறித்திருக்கும் விஷயம், "கல்லூரிகளில் சமூகவியலைப் புது முறையில் கற்பிப்பது எப்படி?" என்பதாகும். காலேஜ் படிக்கட்டு ஏறிப் படித்தறியாத நம்மை அழைத்து, காலேஜ் ஆசிரியர்கள் எப்படிப் பாடம் சொல்லவேண்டுமென்று பேசச் சொல்லுவது சிலருக்கு வேடிக்கையாகக்கூட இருக்கலாம். ஆனால் சமைக்கத் தெரியாதவனுக்கும் குழம்பில் உப்பில்லை என்று சொல்லப் பாத்தியமுண்டல்லவா? அந்தப் பாத்தியத்தின் பேரில்தான் பேசத் துணிந்தோம். பொருந்தியதை எடுத்துக்கொள்ளுங்கள், பொருந்தாததை இந்த மண்டபத்திலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

சமூகவியல் படிக்கும் பிள்ளைகள் சிலரை நாம் ஊர் ஊராய்ப் போகும்போது சந்திப்பதுண்டு. ஜாதியைப் பற்றி என்ன படித்தீர்கள் என்று கேட்டால், கோவிந்த் சதாசிவ குர்யே என்கிற புரொபசர் 1932-ல் எழுதிய புஸ்தகத்திலிருந்து ஜாதிக்கு ஆறு லட்சணங்கள் என்று மூச்சு விடாமல் ஒப்புவிக்கிறார்கள். பிரிவு, உயர்வு தாழ்வு, உண்பதில் கட்டுப்பாடு, உரிமையில் வித்தியாசம், தொழிலில் கட்டுப்பாடு, கலியாணத்தில் கட்டுப்பாடு என்று வரிசை தவறாமல் வருகிறது. சரி அப்பா, இந்த ஆறில் உன் தெருவில் இன்றைக்கு எத்தனை இருக்கிறது, எது போயிற்று, எது போகவில்லை என்று கேட்டால் வாய் மூடிக்கொள்ளுகிறார்கள். "அது பாடத்தில் இல்லை, ஐயா" என்று நமக்குப் பதில் சொன்ன பிள்ளையும் உண்டு. குர்யே அவர்கள் பேரில் குற்றமில்லை. அவர் பார்த்து எழுதினார். அவர் பார்த்ததை இவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். புராணக்காரர் சுலோகம் சொல்லுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்பதை யோசித்துப் பாருங்கள். எந்த சாஸ்திரமானாலும் சரி, பார்க்காமல் ஒப்புவிக்கத் தொடங்கிய நிமிஷமே அது வேதமாகிப் போய்விடுகிறது. பூத பௌதிகம் படிக்கிறவனுக்காவது ஒரு சோதனைச்சாலை உண்டு. காந்தத்தையும் தராசையும் தொட்டுப் பார்க்கிறான். சமூகவியல் மாணவனுக்குச் சோதனைச்சாலை காலேஜ் வாசலுக்கு வெளியேயே கிடக்கிறது. அவன் அதைத் தாண்டித்தான் தினமும் பஸ் ஏறுகிறான். ஆனால் அதைப் பார் என்று அவனுக்குச் சொல்லுவாரில்லை.

இதை வேறு விதமாய்ச் செய்தவர்கள் உண்டா என்றால், உண்டு. 125 வருஷத்துக்கு முன்பே, அதிலும் நம்மைப்போல் தாழ்த்தி வைக்கப்பட்ட மக்களுக்குள்ளேயே செய்தார்கள்.

அமெரிக்காவில் டுபாய்ஸ் என்றொரு கறுப்பு அறிஞர் இருந்தார். 1868-ல் பிறந்தவர். பெர்லினில் போய்ப் படித்தவர். ஹார்வர்டு சர்வகலாசாலையில் 1895-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். அங்கு அப்பட்டம் பெற்ற முதல் கறுப்பர் அவரே. இவ்வளவு படிப்பும் இருந்தும், வெள்ளைக்காரர் சர்வகலாசாலை எதிலும் அவருக்கு வாத்தியார் வேலை கிடையாது. பிலடெல்பியாவில் பென்சில்வேனியா சர்வகலாசாலை 1896-ல் அவரை அழைத்து, நகரத்திலுள்ள கறுப்பு மக்களைப் பற்றி ஆராயச் சொன்னது. ஆனால் ஒரு மாணவனுக்குக்கூடப் பாடம் சொல்ல விடவில்லை. அவர் என்ன செய்தாரென்றால், ஏழாவது வார்டு என்னும் ஏழைப் பகுதியிலேயே மனைவியுடன் குடியேறி, வீடு வீடாய்க் கதவைத் தட்டி, சுமார் 2,500 குடும்பங்களைத் தாமே நேரில் விசாரித்தார். அது 1899-ல் புஸ்தகமாய் வந்தது. கறுப்பர்களின் வறுமைக்கும் குற்றத்துக்கும் காரணம் அவர்கள் ரத்தம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு, வேலை கொடுக்க மறுப்பதும் வாடகையைக் கூட்டி வாங்குவதுமே காரணமென்று கணக்கைக் காட்டினார்.

பிறகு 1897 கடைசியில் அட்லாண்டா சர்வகலாசாலைக்குப் போனார். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட மக்களின் பிள்ளைகளுக்காக 1865-ல் ஏற்பட்ட ஸ்தாபனம் அது. பணமில்லாத இடம். அங்கே சமூகவியல் பாடம் எப்படி நடந்தது என்பதுதான் நமக்கு வேண்டிய சங்கதி. புஸ்தகத்தை ஒதுக்கிவிடவில்லை. ஆனால் புஸ்தகத்தில் பாதி அவர்களைப் பற்றிய பொய்யாயிருந்தபடியால், புஸ்தகத்தைப் படி, பிறகு உன் ஊருக்குப் போய் எண்ணிப் பார், இரண்டும் ஒத்திருக்கிறதா என்று வந்து சொல் என்பதாக வைத்துக்கொண்டார்கள். எத்தனை வீட்டில் எத்தனை அறை? குடும்பத் தலைவனுக்கு என்ன வேலை? யாருக்குச் சொந்த நிலம்? குழந்தைகள் எத்தனை பிறந்து எத்தனை தங்கின? மேல் வகுப்பு மாணவர்கள் தங்கள் தங்கள் ஊரைப் பற்றி எழுதி வந்தவற்றைச் சேர்த்து அவர் தொகுத்ததை, 1899-ல் அமெரிக்க சர்க்காரின் தொழில் இலாகாவே பிரசுரித்தது. பிள்ளைகள் எழுதிய வீட்டுப்பாடத்தை சர்க்கார் அச்சுப் போட்டது என்றால் அந்தப் பாடம் எப்படி நடந்திருக்கவேண்டும்! நம் பிள்ளைகள் எழுதும் பரீட்சைத் தாள்கள் பழைய காகிதக் கடைக்குப் போகின்றன.

வருஷத்துக்கு ஒரு விஷயமாக எடுத்துக்கொண்டார்கள். 1899-ல் கறுப்பர் வியாபாரம், 1900-ல் காலேஜ் படித்த கறுப்பர் நிலை, 1902-ல் கைத்தொழிலாளிகள், 1903-ல் அவர்களுடைய சர்ச்சு, 1906-ல் உடல்நலம். சர்ச்சைக்கூட விடவில்லை பாருங்கள்! பாதிரிகளைப் பற்றியும் விசாரித்துப் போட்டார்கள். உடல்நல விஷயம் முக்கியமானது. 1896-ல் ஹாப்மன் என்கிற இன்ஷூரன்ஸ் கணக்கர் ஒருவர், கறுப்பு ஜாதி பிறவியிலேயே பலவீனமானது, தானாகவே அழிந்து போகும் என்று பெரிய பெரிய கணக்காய்ப் போட்டுப் புஸ்தகம் எழுதினார். கணக்கு என்றால் ஜனங்கள் நம்பிவிடுவார்கள் அல்லவா? அட்லாண்டாக்காரர்கள் அதற்கு அழுகையாலும் ஆத்திரத்தாலும் பதில் சொல்லாமல் கணக்காலேயே பதில் சொன்னார்கள். அழுக்குத் தண்ணீரும் ஓட்டைக் குடிசையும் எங்கே உண்டோ அங்கே வெள்ளையனும்தான் சாகிறான், ஆகவே சாவுக்குக் காரணம் வாழும் நிலைமையே ஒழியப் பிறப்பல்ல என்று தீர்மானம் போட்டார்கள்.

1900-ல் பாரிஸ் நகரத்தில் உலகப் பொருட்காட்சி நடந்தபோது, டுபாய்ஸும் அவருடைய மாணவர்களுமாகச் சுமார் 60 படங்களைக் கையாலேயே வர்ணம் தீட்டி அனுப்பினார்கள். ஜார்ஜியா மாகாணத்தில் கறுப்பர்களுக்குச் சொந்தமான நிலம் வருஷத்துக்கு வருஷம் எவ்வளவு கூடிற்று, எழுத்தறியாதவர் தொகை எவ்வளவு குறைந்தது என்பதெல்லாம் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமான கோடுகளாகவும் கட்டங்களாகவும் இருக்கின்றன. ஒன்றில் கோடு நேராகப் போக இடம் போதாமல் நத்தை ஓடு போலச் சுருண்டு வளைகிறது. அவை அமெரிக்கக் காங்கிரஸ் நூல்நிலையத்தில் பத்திரமாய் இருக்கின்றன. உங்கள் கையிலுள்ள டெலிபோனிலேயே பார்க்கலாம். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் அடிமைகளின் பேரப்பிள்ளைகள் செய்த வேலை அது.

இவ்வளவும் சொல்லுகிற நாம், எண்ணிக் காட்டிவிட்டால் உலகம் திருந்திவிடும் என்று சொல்ல வரவில்லை. டுபாய்ஸுக்கே அது புரிந்த நாள் ஒன்றுண்டு. 1899 ஏப்ரலில் சாம் ஹோஸ் என்கிற கறுப்புத் தொழிலாளியை ஜார்ஜியாவில் கூட்டம் கூடி உயிரோடு கொளுத்திக் கொன்றார்கள். நிதானமாக ஒரு கடிதம் எழுதிக்கொண்டு அட்லாண்டாப் பத்திரிகை ஆபீசுக்குப் புறப்பட்டார் டுபாய்ஸ். போகும் வழியில், கொல்லப்பட்டவனுடைய விரல் முட்டி எலும்புகள் அதே தெருவில் ஒரு மளிகைக் கடையில் காட்சிக்கு வைக்கப்பட்டிருப்பதாகக் கேள்விப்பட்டார். அப்படியே திரும்பிவிட்டார். மனிதர்களை இப்படிக் கொளுத்திக்கொண்டிருக்கும்போது பட்டும் படாமலும் இருக்கும் விஞ்ஞானியாக மாத்திரம் இருக்க முடியாதென்று அன்று தமக்குப் பட்டதாக 1940-ல் எழுதிய தன் வரலாற்றில் சொல்லுகிறார். என்றாலும் அதன்பிறகு பத்து வருஷத்துக்கு மேல் பாடத்தையும் கணக்கையும் விடவில்லை. 1910-ல்தான் வேலையை விட்டு நியூயார்க்கில் பத்திரிகை நடத்தப் போனார்.

அமெரிக்காவில் வெகுகாலம் என்ன சொல்லிக்கொடுத்தார்களென்றால், தெருவில் இறங்கி ஆராயும் சமூகவியலைச் சிகாகோ சர்வகலாசாலைதான் உண்டாக்கிற்று என்று சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கு முன்பே அட்லாண்டாவில் நடந்ததை மறைத்துவிட்டார்கள் என்று ஆல்டன் மோரிஸ் என்னும் சமூகவியல் புரொபசர் 2015-ல் ஒரு புஸ்தகமே போட்டு நிரூபித்தார். சமூகத்தை ஆராய்கிறவர்களே சமூக வழக்கப்படிதான் நடந்துகொண்டார்கள். இதில் நமக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை.

நிற்க. நம் நாட்டுக் கதைக்கு வருவோம்.

சென்னை சர்வகலாசாலைக்கு 1915-ல் கில்பர்ட் ஸ்லேட்டர் என்கிற இங்கிலீஷ்காரர் பொருளாதாரப் புரொபசராக வந்தார். இங்கிலீஷ் தொழிற்சாலைகளைப் பற்றிய புஸ்தகங்களை வைத்துக்கொண்டு இந்நாட்டுப் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுப்பது என்று யோசித்து, கேள்விகள் அடங்கிய ஒரு தாளை மாணவர்கள் கையில் கொடுத்து, லீவில் ஊருக்குப் போகும்போது நிலம், கூலி, கடன், வீடு, சாப்பாடு எல்லாவற்றையும் விசாரித்து எழுதி வரச் சொன்னார். அது 1918-ல் புஸ்தகமாயிற்று. இன்றைய விழுப்புரம் பக்கத்திலுள்ள இருவேல்பட்டு அதில் ஒரு கிராமம். 1936-37-ல் சர்வகலாசாலையார் அதே கிராமங்களுக்குத் திரும்பப் போனார்கள். இருவேல்பட்டை 1961-லும் 1981-லும் ஆராய்ந்தார்கள். 2008-ல் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் என்பவர்கள் போய், நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று, பண்ணையாள் முறை என்ன ஆயிற்று என்று பார்த்து எழுதினார்கள். ஒரு காலேஜ் மாணவன் லீவில் எழுதிய காகிதம் 90 வருஷத்துக்கு அளவுகோலாக நின்றது என்பதைக் கவனியுங்கள். சமூகவியலிலும் இதைச் செய்ய யார் தடுத்தார்கள்?

ஆனால் இதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. 1916-ல் சென்னைக்கு வந்து காலேஜில் படிக்கக்கூடியவன் எந்த வீட்டுப் பிள்ளையாய் இருந்திருப்பான்? பெரும்பாலும் நிலமுள்ளவன் வீட்டுப் பிள்ளைதானே? ஊரிலிருந்து எண்ணினால் வருவது ஒன்று; சேரியிலிருந்து எண்ணினால் வருவது வேறொன்று. அட்லாண்டாவில் எண்ணப்பட்டவர்களின் பிள்ளைகளே எண்ணினார்கள். இன்று நம் காலேஜ்களில் ஊர்ப் பிள்ளையும் சேரிப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஸ்லேட்டருக்குக் கிடைக்காத வசதி இது. ஒரே கிராமத்துக்கு இரண்டு பேரையும் சேர்த்தனுப்பி, தனித்தனியே எழுதச் சொல்லி, இரண்டையும் வகுப்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் அதைவிடப் பெரிய பாடம் வேறென்ன வேண்டும்?

தெருவுக்குப் போனால்தான் சமூகவியல், வகுப்பறையில் ஒன்றும் நடக்காது என்றும் எண்ணிவிடாதீர்கள். 1916-ம் வருஷம் மே மாதம் 9-ந் தேதி, நியூயார்க்கில் கொலம்பியா சர்வகலாசாலையில் கோல்டன்வைசர் என்னும் மானிடவியல் புரொபசரின் வகுப்பில் ஒரு மாணவர் எழுந்து கட்டுரை படித்தார். வயது 25. அவர்தான் அம்பேத்கர். அந்த வகுப்பு எத்தகைய வகுப்பென்றால், புரொபசர் பேசி மாணவன் எழுதுவதல்ல. மாணவன் எழுதி வந்ததைப் படிக்க, புரொபசரும் மற்றவர்களும் கேள்வி கேட்பது. அம்பேத்கர் தம் சமூகத்தையே மேசை மேல் வைத்து அறுத்துக் காட்டினார். ஜாதி என்பது என்ன? தனக்குள்ளேயே கலியாணம் செய்துகொள்ளும் வேலி என்றார். அந்த வேலியை எப்படிக் காப்பது? ஆணும் பெண்ணும் சம எண்ணிக்கையாயிருந்தால்தான் காக்க முடியும். புருஷன் செத்தால் ஒரு பெண் மிச்சமாகிறாள். அவள் உள்ளேயே மறுமணம் செய்தால் இன்னொரு பெண்ணின் மாப்பிள்ளை போய்விடுவான். வெளியே செய்தால் வேலி போய்விடும். ஆகவே அவளைக் கொளுத்து, இல்லையானால் மொட்டையடித்து மூலையில் உட்கார வை. பெண்சாதி செத்துப் புருஷன் மிச்சமானாலோ, அவனைக் கொளுத்த மனசு வராது, ஆண்பிள்ளையாயிற்றே! அதனால் இன்னும் பருவமடையாத குழந்தையைப் பிடித்து அவனுக்குக் கட்டிவை. உடன்கட்டை, விதவைக் கொடுமை, குழந்தை மணம் மூன்றும் எந்தக் கடவுள் கட்டளையுமல்ல, ஒரு கணக்கைச் சரிக்கட்டும் வழி என்று காட்டிவிட்டார். அடுத்த வருஷம் அது பத்திரிகையில் வந்தது. வாத்தியார் சொன்னதை நோட்டில் எழுதிக்கொள்ளும் வகுப்பில் அந்தக் கட்டுரை பிறந்திருக்குமா?

இதை உங்கள் வகுப்பில் சோதித்துப் பார்ப்பதற்குச் செலவே கிடையாது. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளில் மணமக்கள் தேவை என்று வரும் விளம்பரங்களை நான்கு வாரம் சேர்த்து வையுங்கள். ஜாதிப் பெயர் போட்டது எத்தனை, உட்ஜாதி போட்டது எத்தனை, "ஜாதி தடையில்லை" என்றது எத்தனை, அப்படிச் சொன்னவற்றிலும் தாழ்த்தப்பட்டோர் மாத்திரம் வேண்டாம் என்று அடியில் சேர்த்தது எத்தனை என்று எண்ணட்டும். தடையில்லை என்று சொல்லிக்கொண்டே தடை போடும் விளம்பரம் வருவதைப் பத்திரிகை படிக்கிறவர்கள் அறிவார்கள். வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு ஜாதி கேட்கிறார்களா, இரண்டாம் தாரத்துக்குக் கேட்கிறார்களா என்றும் பிரித்துப் பார்க்கட்டும். எண்ணி முடித்தபின் அம்பேத்கர் கட்டுரையைக் கையில் கொடுங்கள். முன்னால் கொடுத்தால் மனப்பாடம் செய்துவிடுவார்கள்!

இன்னொரு முறையையும் சொல்லவேண்டும். அமெரிக்காவில் கார்பிங்கல் என்கிற புரொபசர் தம் மாணவர்களுக்கு விபரீதமான ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை உங்கள் வீட்டிலேயே வாடகைக்குக் குடியிருப்பவரைப் போல நடந்துகொள்ளுங்கள் என்றார். பெற்றோரை மரியாதைப் பெயர் சொல்லி அழைப்பது, கேட்டால் மாத்திரம் பேசுவது, சொந்த விஷயம் பேசாதிருப்பது. 49 மாணவர்களுக்குக் கொடுத்ததாக 1967-ல் வந்த புஸ்தகத்தில் எழுதியிருக்கிறார். அஞ்சிச் செய்யாமல் விட்டவர் சிலர். செய்தவர் வீடுகளில் ஒரே குழப்பம். உடம்பு சரியில்லையா, வேலை போய்விட்டதா, பைத்தியமா என்று கேட்டார்கள், கோபித்துக்கொண்டார்கள். எழுதி வைக்காத சட்டங்கள் எத்தனை ஒரு வீட்டுக்குள் நடக்கின்றன என்பது அவற்றில் ஒன்றை மீறும்போதுதான் தெரிகிறது.

நம் பையன்களுக்கு நாம் ஒன்று சொல்லுவோம். ஒரு வாரம், சாப்பிட்டு முடிந்ததும் உன் தட்டையும் உன் தாயார் தட்டையும் நீ கழுவு. யார் என்ன சொன்னார்கள், பாட்டி என்ன சொன்னாள், அப்பா முகம் எப்படி இருந்தது, அம்மாளே வந்து தட்டைப் பிடுங்கிக்கொண்டாளா என்று தேதி போட்டு எழுது. பெண்பிள்ளைகள் சாப்பாட்டுக்கு முதலில் உட்கார்ந்து பார்க்கட்டும். குடும்ப அமைப்பு என்கிற பாடத்துக்கு இருபது பக்கம் நோட்ஸ் எழுதுவதைவிட இது மேல்.

ஆனால் ஆசிரியத் தோழர்களே, இந்த இடத்தில் உங்களைக் கொஞ்சம் கடுமையாகவே எச்சரிக்க வேண்டியிருக்கிறது. பழக்கத்தை மீறிப் பார் என்று சொல்லுமுன், மீறினால் அடி விழுவது யார் முதுகில் என்று பாருங்கள். தனிக் குவளை வைத்திருக்கிற டீக்கடைக்குத் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பையனை அனுப்பி, பொதுக் குவளையில் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு வந்து எழுது என்பது பரிசோதனை அல்ல, பலி. அவனுக்கு அதில் தெரிந்துகொள்ள வேண்டியதும் ஒன்றுமில்லை; பிறந்தது முதல் தெரியும். அங்கே போய்க் கடைக்காரனைக் கேள்வி கேட்கவேண்டியவன் மேல்ஜாதிப் பையன். அவனுக்குத்தான் அது தெரியாது.

அதேபோல வகுப்பில் பாடம் நடத்துவதற்காக யாரையும் எழுந்து ஜாதி சொல்லச் சொல்லாதீர்கள். "ஸ்காலர்ஷிப் வாங்குகிறவர்களெல்லாம் எழுந்து நில்லுங்கள்" என்று ஆபீசிலிருந்து வருகிற ஒரு சீட்டுக்காக வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்ப்பதை நீங்கள் கண்டதில்லையா? அந்தப் பையன் கூனிக்குறுகி நிற்கும் அரை நிமிஷத்தில் அவன் படித்துக்கொள்ளுகிற சமூகவியலை நீங்கள் மூன்று வருஷத்திலும் சொல்லிக்கொடுக்க முடியாது. ஜாதிக் கணக்கு வேண்டுமானால் பெயரில்லாத துண்டுக் காகிதத்தில் எழுதி ஒரு பெட்டியில் போடச் செய்யுங்கள். வாத்தியாரும் ஒரு காகிதம் போடட்டும். அவரும் சமூகத்துக்குள்தானே இருக்கிறார்?

கடைசியாக, உங்களில் சிலர் மனசுக்குள் என்ன சொல்லிக்கொள்ளுகிறீர்கள் என்பது நமக்குத் தெரியாமலில்லை. வகுப்பில் 60 பேர், பாடம் முடிக்க 90 நாள், பரீட்சைக்குக் கேள்வி சர்வகலாசாலையிலிருந்து வருகிறது, இதற்கெல்லாம் நேரமேது என்பீர்கள். பல சர்வகலாசாலைகளில் 100-க்கு 25 மார்க் காலேஜ் கையிலேயே இருக்கிறதே, அதை என்ன செய்கிறீர்கள்? அசைன்மெண்ட் என்ற பேரில் அதே நோட்ஸை அழகான கையெழுத்தில் திரும்ப எழுதி வாங்கி, அட்டை போட்டு, அலமாரியில் பூட்டுகிறீர்கள். இப்போது அதையும் கம்ப்யூட்டரே எழுதிக் கொடுத்துவிடுகிறது. பையன் படிப்பதுமில்லை, வாத்தியார் திருத்துவதுமில்லை. ஆனால் எந்தக் கம்ப்யூட்டரும் அவன் பாட்டி என்ன சொன்னாள் என்று வீட்டுக்குப் போய்க் கேட்டு வரப்போவதில்லை. அந்த 25 மார்க்குக்கு இந்த வேலையைக் கொடுங்கள். 60 பேர் என்பது தொல்லையல்ல. எண்ணுவதற்கு 60 ஜோடிக் கை. டுபாய்ஸ் இரண்டே கையோடு 2,500 வீட்டுக் கதவைத் தட்டினார்.

சங்கத்தார் நமக்குக் கொடுத்த நேரத்துக்கு மேல் பேசிவிட்டோம். தலைவரவர்கள் கடிகாரத்தை இரண்டு முறை பார்த்ததையும் கவனித்தோம். கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் துண்டுச் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்பலாம், பெயர் போடவேண்டியதில்லை.